டஜன் கணக்கு

ஒண்ணரை ஷிப்டு. பல்லடம் ரோட்டுக் கம்பெனி.
குழல்விளக்குக்கு நேர் கீழே என் செக்கிங் மேசை.
ஆறு மாதக் குழந்தைக்கான பனியன்கள்
வெள்ளை வெள்ளையாய் வந்து குவியும்.
உள்ளே மூன்று விரல்தான் நுழையும்.
விரித்து, வெளிச்சத்தில் பிடித்து,
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்.
குறை இருக்கும் இடத்தில்
ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

கட்டுவது பன்னிரண்டு பன்னிரண்டாக.
செபமாலையோ பத்துப் பத்தாக.
அந்த இரண்டு ரொம்ப நாளாய் இடித்தது.
கேன்டீன் வரிசையில் ஒரு நாள் பிடிபட்டது:
பரலோகத்திலிருக்கிற, ஒன்று.
அருள்நிறைந்த, பத்து.
பிதாவுக்கும் சுதனுக்கும், ஒன்று.
ஒரு டஜன்!
டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தேன்.
பக்கத்து மேசை சஞ்சுக்தா என்னவென்று கேட்டாள்.
எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஒடியாவில்
இதை எங்கே சொல்ல?

அதிலிருந்து பீஸுக்கு ஒரு மந்திரம்,
ஐந்து டஜனுக்கு ஒரு முழு மாலை.
"வாயி ஓயாதுங்களாக்கா உங்களுக்கு?" என்பார்
சூப்பர்வைசர் நாச்சிமுத்து.

பைக்குள் காஸ்டிங் புத்தகம்.
அஞ்சல்வழி பி.காம்., முப்பத்துநாலு வயதில்,
இந்தப் பேப்பர் மட்டும் இரண்டாம் தடவை.
இயல்பு நட்டம் என்று ஒரு பாடம்:
நூற்றுக்கு இரண்டு வீணாவது தொழிலின் சுபாவம்,
அதை யாரும் கேட்கமாட்டார்கள்.
அதற்கு மேல் போனால் இயல்பற்ற நட்டம்.
தனிக் கணக்கு திறக்கவேண்டும்.

அந்த வெள்ளி இரவு
செபம் அவ்வளவு நன்றாக வந்தது.
கல்தூணில் கட்டி அடித்ததைத் தியானித்தபோது
கண் நிறைந்துவிட்டது.
நிறைந்த கண்ணோடு
நாற்பது டஜன் தள்ளினேன்.
இரண்டு பெட்டி. டேப் போட்டு ஒட்டினார்கள்.

ஞாயிறு, நன்மை வாங்கும் வரிசை.
பின்னால் நின்ற எமரன்சி
என் கைப்பை வாரிலிருந்து எதையோ பிய்த்து
உள்ளங்கையில் வைத்தாள்.
சிவப்பு அம்பு.
இவ்வளவு நேரமும் அதன் முனை
என் தோளைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிரவு நான் உரித்தது இது ஒன்றுதான்.
ஏதோ ஓட்டையைப் பார்த்துத்தானே உரித்திருப்பேன்?
ஒட்டுவதற்குள் அடுத்த மந்திரம் வந்துவிட்டது.
நாற்பது டஜனில் குறையே இல்லாத துணியை
எந்த ஊரில் நெய்கிறார்கள்?

வரிசை நகர்ந்தது. ஆமென் என்றேன்.
நாக்கில் அப்பம் கரைவதற்குள்
பெட்டி எண் நினைவுக்கு வந்தது.
பதினேழு, பதினெட்டு.

திங்கள், ஷிப்டு முடிந்து, கூலி இல்லாத நேரம்.
"ஏனுங்க்கா, ஒட்டுன பொட்டியப் போயிப் பிரிக்கறீங்க?
நூத்துக்கு ரெண்டு பையரே உட்டிருவானுங்."
தெரியுமுங்க. அந்தப் பாடம் படித்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டேன்.
வெறும் கண், வெறும் விரல்.
பீஸுக்கு ஒரு பீஸ்தான், வேறொன்றும் இல்லை.
சஞ்சுக்தா எதுவும் கேட்காமல்
எதிரே உட்கார்ந்து பதினெட்டைப் பிரித்தாள்.
வெளியே கடைசி கம்பெனி வேனும் போனபின்
விசிறிச் சத்தம் மட்டும்.
ஒரு பனியனில் நெஞ்சுக்கு நேரே கடுகளவு ஓட்டை.
எந்தக் குளிர் ஊர்ப் பிள்ளையோ.
விரலை அதன்மேல் வைத்து
கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தேன்.

மொத்தம் பதினொன்று.
பன்னிரண்டாவதைத் தேடினோம், இல்லை.
நாநூற்றெண்பதில் இரண்டு சதம் ஒன்பதரை என்று வை.
மீதி ஒன்றரை என் கணக்கு.

அடுத்த மாதப் பரீட்சையில்
அந்தக் கேள்வியே வந்தது, பத்து மார்க்.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்,
ஐந்தாம் வரியில் ஒரு சைபர் விட்டிருந்தேன், திருத்தினேன்.
பேப்பரைக் கொடுத்துவிட்டு
வாசல் வரை வந்த பிறகுதான் தோன்றியது,
சிலுவை போடாமலே எழுதியிருக்கிறேன்.